‘ரெண்டு எழுத்துதானே கேட்டான்?’

கேள்வி: லண்டனில் இருக்கிறோம். அம்மாவின் வங்கித் தளம் முழு பாஸ்வேர்டைக் கேட்காமல், ‘3, 6, 8-ஆவது எழுத்துகள்’ என்று கேட்கிறது. அம்மா எண்ணித் தடுமாறி இரண்டு முறை கணக்கு லாக் ஆகிவிட்டது. பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் ஆப்பான பாஸ்வேர்ட் மேனேஜராலும் நிரப்ப முடியவில்லை. போன வாரம் வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவர் அழைத்தபோது அம்மா பாஸ்வேர்டில் இரண்டு எழுத்து சொல்லியிருக்கிறார். ‘முழுசாவா கேட்டான்?’ என்கிறார். தப்பா?

பதில்: தப்புதான். முதலில் 159-ஐ அழையுங்கள். பிரிட்டனின் பெரிய வங்கிகள் பலவற்றுக்கு அந்த எண்ணிலிருந்து இணைப்புக் கிடைக்கும். நடந்ததைச் சொல்லி, இன்றே பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

‘இரண்டுதானே’ என்று நினைக்க வைப்பதுதான் மோசடிக்காரர்கள் பிழைப்பு. பத்து எழுத்து பாஸ்வேர்டில் தடவைக்கு மூன்றாக மூன்று தடவை கறந்தால், சராசரியாக ஆறேழு எழுத்து கைக்கு வந்துவிடும். ‘சிஸ்டம் எடுக்கல மேடம், வேற ரெண்டு சொல்லுங்க’ என்பது அதற்காகத்தான். போலித் தளமும் நீங்கள் சரியாக அடித்ததைத் தவறு என்று சொல்லி வேறு மூன்று கேட்கும். அப்படிக் கேட்டால் மூடிவிட்டு, வங்கியின் ஆப் வழியாகப் போங்கள்.

ஒரு விலக்கு உண்டு. நீங்களாக வங்கியை அழைக்கும்போது, சில வங்கிகளில் தொலைபேசிக்கென்று வைத்த பாஸ்வேர்டில் இரண்டு எழுத்து கேட்பார்கள். எதிரே பேசும் ஊழியருக்கு முழுச் சொல்லும் தெரியக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது; சொல்லலாம். ஆனால் ‘நீங்களாக’ என்றால், கார்டின் பின்பக்கம் அச்சிட்ட எண்ணையோ 159-ஐயோ நீங்களே அழுத்தி அழைப்பது. மோசடிக்காரன் கொடுத்த எண்ணுக்குத் திரும்ப அழைத்தால் அது அவன் அழைத்த கணக்குதான். எஸ்எம்எஸ்ஸில் வந்த எண்ணும் அப்படியே. ‘மேனேஜருக்கு மாத்தறேன்’ என்று அதே லைனில் வேறு குரல் வந்தாலும் அப்படியே.

சரி, எண்ணுகிற தொல்லை. அம்மா வைத்திருப்பது தமிழ்ச் சொல்லா? நான் பார்த்த வரையில் பாதிக் குழப்பம் அங்கேதான். ‘மயிலாப்பூர்’ நமக்கு ஆறு எழுத்து, நாலாவது ‘ப்’. ஆங்கிலத்தில் Mylapore என்று அடிக்கும்போது எட்டு, நாலாவது ‘a’. வாயால் தமிழில் எண்ணி, கையால் ஆங்கிலத்தில் அடித்தால் லாக் ஆகாமல் என்ன செய்யும்? (ஊர்ப் பெயரைப் பாஸ்வேர்டாக வைக்காதீர்கள், இது உதாரணத்துக்கு.) ஒரு அட்டையில் 1 முதல் 12 வரை கட்டம் போட்டுக் கொடுங்கள், எழுத்து எதுவும் எழுதாமல். அம்மா ஆங்கில எழுத்துகளை மனதுக்குள் சொல்லிக்கொண்டே விரலை நகர்த்தினால் போதும்.

உங்களுக்கு அட்டையும் வேண்டாம். பிட்வார்டன், 1பாஸ்வேர்ட் ஆகிய பாஸ்வேர்ட் மேனேஜர்களில் ஒவ்வொரு எழுத்தோடும் அதன் எண்ணைக் காட்டும் வசதி இருக்கிறது.

இதெல்லாம் நம் தலையில் விழ வேண்டியதே இல்லை. நாம் தட்டும் எழுத்துகளை ரகசியமாகப் பதிவு செய்யும் கீலாகர் வைத்துத் திருடுவதைத் தடுக்க வந்த முறை இது. ஆன்லைன் வங்கிக்கு பாஸ்வேர்டோடு இரண்டாவது அடையாளமும் (ஃபோனுக்கு வரும் கோட் மாதிரி) கேட்க வேண்டும் என்று இங்கே விதி வந்த பிறகும் எதற்கு இந்த எழுத்துப் பொறுக்கல்? எண்ண வசதியாகச் சின்னச் சொல்லாக வைக்கத்தான் இது மக்களைப் பழக்குகிறது.

கடைசியாக, கடைத்தெருவில் ஃபார்ம் நிரப்பித் தரும் ‘அண்ணன்’கள். ‘லாகின் ஆகலியா? ஃபோனக் குடுங்கம்மா’ என்று வாங்கி, புது பாஸ்வேர்டைத் தன் நோட்டிலும் குறித்துக்கொள்கிறார்கள். நல்லவராகவே இருக்கட்டும், அந்த நோட்டு யார் கையில் போகும்? அம்மாவுக்கு நீங்கள்தான் உதவப்போகிறீர்கள் என்றால், அவர் பாஸ்வேர்டை நீங்களும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். வங்கியில் தேர்ட் பார்ட்டி மேண்டேட் கேளுங்கள். அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அவர் சார்பில் அவர் கணக்கை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.