கடிவாளத்தைக் கண்டாலே என் குதிரை தலையைத் தூக்கிக்கொள்கிறது, வாயைத் திறப்பதே இல்லை. எப்படி அடக்குவது?

அடக்க வழி கேட்கிறீர்கள். அதன் வாய்க்குள் ஒருமுறையாவது பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். புதிதாக வாங்கிய குதிரையாக இருக்கும், விற்றவர் ஒரு கடிவாளத்தையும் சேர்த்துக் கொடுத்திருப்பார், அதையே மாட்டிக்கொண்டிருப்பீர்கள். குதிரை வாங்கப் போனால் சுழி பார்க்க நாலு பேரைக் கூட்டிப் போகிறோம். நெற்றியில் எத்தனை, கழுத்தில் எங்கே என்று தடவித் தடவிப் பார்க்கிறோம். வயசு தெரிய முன்பல்லைப் பார்ப்பதோடு வாய் விஷயம் முடிந்துவிடுகிறது.

எங்கள் குதிரை மார்வாரி இனத்துப் பெட்டை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் சந்தையில் வாங்கியது. அதுவும் இப்படித்தான் இருந்தது. கடிவாளத்தோடு கிட்டே போனாலே தலை ஆகாயத்துக்குப் போய்விடும். விற்றவர் கொடுத்தது முள் கடிவாளம், வாய்க்குள் போகும் கம்பியைச் சுற்றிச் சின்னச் சின்ன முட்கள். அதை வீட்டுக்கு வந்த அன்றே கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். பெரியப்பா ஒரு காலத்தில் குதிரை வண்டி ஓட்டியவர், அவருக்கு இது பிடிக்கவில்லை. “திமிர் புடிச்சதுக்கு முள்ளுதான் கண்ணு மருந்து, நாலு நாள்ல அடங்கிரும்” என்றார். “வேண்டாமுங்க பெரியப்பா” என்று சொல்லிவிட்டேன். அதற்கு அவர் என்னோடு பேசாமல் இருந்தது தனிக்கதை.

வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் வருட விதிகளிலேயே முள் வைத்த கடிவாளத்துக்குத் தடை இருக்கிறது. “மார்வாரிக்கு அதுதான் பரம்பரையாகப் போடுவது” என்று கீழே எழுத வருபவர்கள் அதைப் படித்துவிட்டு வரட்டும்.

ஆனால் முள்ளில்லாத சாதா ஸ்னாஃபில், அதாவது கம்பியின் நடுவில் ஒரு மூட்டு வைத்த எளிய கடிவாளம், போட்டும் அது தலையை உதறியது. அப்புறம்தான் குதிரை பார்த்துப் பழகிய ஒரு மருத்துவரை வெளியூரிலிருந்து வரவழைத்தேன். மயக்க ஊசி போட்டு, வாயை அகற்றி, டார்ச் அடித்துக் காட்டினார். மேல்தாடையில் கடைவாய்ப் பல்லுக்குச் சற்று முன்னால் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு குட்டிப் பல். ஓநாய்ப் பல் என்றார். எல்லாக் குதிரைக்கும் இருக்காதாம், இருந்தாலும் எல்லாம் தொந்தரவு செய்யாதாம். இது சரியாகக் கம்பி வந்து இடிக்கும் இடத்தில் இருந்தது. அதைப் பிடுங்கினார். கடைவாய்ப் பற்களின் வெளி ஓரம் கத்தி மாதிரி கூராகிக் கன்னத்தின் உட்பக்கம் புண்ணாகியிருந்தது, அதையும் அரத்தால் ராவிவிட்டார். புண் ஆறும்வரை வாயில் எதுவும் வைக்கவில்லை. திமிராம் திமிர்.

அடுத்தது அளவு. கடைக்காரரிடம் கேட்டால் எல்லாக் குதிரைக்கும் ஐந்து அங்குலம் என்பார். நம்பாதீர்கள். ஒரு நூலை வாய் வழியாக விட்டு இரண்டு உதட்டோரத்திலும் குறி வைத்து எடுங்கள். கம்பி அதைவிடப் பக்கத்துக்கு அரை சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால் போதும். எங்களுடையதற்கு வந்த கம்பி இரண்டு பக்கமும் கட்டைவிரல் அகலம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அப்படி இருந்தால் லகானை, அதாவது கையில் பிடிக்கும் வாரை, இழுக்கும்போது கம்பி பக்கவாட்டில் வழுக்கும், நடு மூட்டும் ஒரு பக்கமாக ஒதுங்கும். தடித்த கம்பி என்றால் மென்மை என்பதும் அப்படியே நம்பக் கூடாது. சின்ன வாயில் தடிக்கம்பியை வைத்தால் நாக்குக்கு இடம் ஏது?

கம்பி நிற்கும் உயரத்துக்கு, அதைத் தாங்கிக் கன்னத்தோடு இறங்கும் கன்னவாரைப் பாருங்கள். உதட்டோரத்தில் ஒரு சுருக்கம் விழுந்தால் சரி. சிரிப்பது போல மூன்று சுருக்கம் என்றால் ஏற்றிவிட்டீர்கள். தொங்கவிட்டால் நாக்கைக் கம்பிக்கு மேலே தூக்கிப் போட்டுக்கொள்ளும், அது பழகிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. தொண்டைவாருக்குள் நாலு விரலை நிமிர்த்தி விடும் அளவு இடம் வேண்டும். மூக்குவாருக்கு இரண்டு விரல், அதையும் பக்கத்தில் விட்டுப் பார்க்காமல் மூக்கெலும்பின் மேலேயே விட்டுப் பாருங்கள். நெற்றிவாரை யாரும் கவனிப்பதில்லை. மணி கோத்த அழகான நெற்றிவார் ஒன்றைச் சொந்தக்காரர் வாங்கிக் கொடுத்தார். அது குட்டை. காதுக்குப் பின்னால் போகும் தலைவாரை முன்னுக்கு இழுத்துக் காதின் அடியில் அறுத்துக்கொண்டே இருந்தது. காதைத் தொட்டால் சிலிர்க்கிறதா என்று உங்கள் குதிரையிடமும் பாருங்கள்.

இவ்வளவு செலவா என்று கேட்பீர்கள். எங்கள் ஊரிலும் கேட்டார்கள். பல்லுக்கு மருத்துவர் வந்தார் என்றதும் “காசு கொழுத்தவன்” என்று பெயர் வைத்தாயிற்று. கேட்டவர் வீட்டில் புல்லட்டுக்கு சைலன்சர் மாற்றிய செலவு அதைவிட அதிகம், ராத்திரி பதினோரு மணிக்குத் தெருவே எழுந்து உட்காருகிறது. அவரை ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் வீட்டில் விசேஷம் என்றால் மாப்பிள்ளையை உட்கார வைக்க எங்கள் குதிரை வேண்டும், அதுவும் இலவசமாக. சரி, விடுங்கள்.

நான் மருத்துவரும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. கடிவாளமே கொடுமை, கம்பியில்லாமல் ஓட்டலாமே என்பவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை. ஓட்டத் தெரிந்தவர்கள் ஓட்டட்டும், ஆனால் அதிலும் மூக்குவார் இறுகினால் வலிதான்.

வாய் சரியானபின் மாட்டும் விதம். இடது பக்கம் நின்று, வலது கையால் தலைவாரைக் காதுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, இடது உள்ளங்கையில் கம்பியை ஏந்துங்கள். முன்பல்லுக்கும் கடைவாய்க்கும் நடுவில் பல்லே இல்லாத இடைவெளி இருக்கிறது. உதட்டோரமாகக் கட்டைவிரலை அங்கே விட்டு ஈறை லேசாக அழுத்தினால் வாய் தானாகத் திறக்கும். கம்பியால் முன்பல்லில் தட்டித் திறக்க வைக்காதீர்கள். கழற்றும்போதும் வெடுக்கென்று இழுக்காமல், அது நாக்கால் தள்ளித் தானே துப்பும்வரை நில்லுங்கள். கழற்றும்போது பல்லில் அடிபட்ட குதிரைதான் அடுத்த நாள் மாட்டும்போது தலையைத் தூக்கும்.

குதிரையின் வயசை நீங்கள் சொல்லவில்லை. இரண்டரையிலிருந்து ஐந்துக்குள் என்றால் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் காலம், ஈறு நோகலாம். அப்படியானால் இதையெல்லாம் செய்வதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள், அதுவரை கம்பியை வாயில் வைக்காதீர்கள்.