பாட்டியிடம் பேசாதே என்று சொன்ன வாயால்...

கேள்வி: "மும்பை சயானில் இருக்கிறோம். மகள் ஏழாவது, இங்கிலீஷ் மீடியம். சிமிலி (உவமை), மெட்டஃபர் (உருவகம்), பெர்சானிஃபிகேஷன் (ஆளல்லாததை ஆளாகப் பேசுவது), ஆனமடோபியா (ஒலிக்குறிப்புச் சொல்) என்று அணிகளின் பட்டியல் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். விளக்கத்தை வரி பிசகாமல் ஒப்பிக்கிறாள், உதாரணம் கேட்டால் விழிக்கிறாள். யூனிட் டெஸ்டில் சிமிலிக்கு 'ஐ லுக் லைக் மை கிராண்ட்மதர்' என்று எழுதி மார்க்கைக் கோட்டை விட்டாள். தென்காசிப் பக்கமிருந்து வந்த மாமியார் எங்களோடு இருக்கிறார். அவரோடு தமிழிலேயே பேசினால் இங்கிலீஷ் குழம்பிவிடும் என்று ஜூன் மாதத்திலிருந்து பேச்சைக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். மாதம் 2,000 ரூபாயில் ஒரு டியூஷன் இருக்கிறது. சேர்க்கலாமா?"

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சேர்க்க வேண்டாம். நான் பள்ளியில் இங்கிலீஷ் எடுத்தவள். 'விளக்கம் தெரிகிறது, உதாரணம் வரவில்லை' என்று எத்தனையோ தாய்மார்கள் வந்து நின்றிருக்கிறார்கள். எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதி உங்களை அனுப்பிவைக்க எனக்கு மனமில்லை. டியூஷனைப் பற்றிக் கேட்டுவிட்டு, நடுவில் அரை வரியில் ஒன்றைச் சொல்லிக் கடந்துபோகிறீர்களே, அதைத்தான் பேச வேண்டும்.

பாட்டியோடு பேச்சைக் குறைக்கச் சொன்னீர்கள். யாரைக் கேட்டுச் சொன்னீர்கள்? ஊரையும் வீட்டையும் விட்டு மகனை நம்பி வந்த பெண்மணி அவர். அந்த வீட்டில் அவரிடம் வாய் ஓயாமல் பேச இருந்தது ஒரே ஒரு பேத்தி. அதையும் பரீட்சையைக் காட்டி நிறுத்திவிட்டீர்கள். இது தப்பு. மார்க் ஏறியிருந்தாலும் தப்புதான்.

உங்கள் மகள் அந்தப் பேப்பரில் என்ன எழுதினாள் என்று இன்னொரு முறை படித்துப் பாருங்கள். உலகத்தில் எத்தனையோ பொருள் இருக்க, பேசக்கூடாது என்று நீங்கள் சொன்ன பாட்டிதான் அந்த நேரத்தில் அவள் நினைவுக்கு வந்திருக்கிறார். நீங்கள் அதில் போன மார்க்கை மட்டும் பார்த்தீர்கள்.

ஆசிரியர் மார்க் போடாதது நியாயம்தான். 'லைக்' வந்தாலே சிமிலி என்று பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள். பேத்தி பாட்டியின் சாயலில் இருப்பது உள்ளதை உள்ளபடி சொல்வது, அதில் கற்பனை இல்லை. வேறு இனத்துப் பொருளோடு ஒப்பிட்டால்தான் உவமை. பாட்டியின் கை ஆலமர வேர் மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தால் முழு மார்க். 'ஐ லைக் மேங்கோஸ்' என்பதை சிமிலி என்று எழுதிய பிள்ளைகளையும் திருத்தியிருக்கிறேன். இந்த வித்தியாசத்தை விளக்கப் பத்து நிமிடம் போதும்.

உதாரணம் எங்கிருந்து வரும்? காதில் விழுந்த பேச்சிலிருந்துதான் வரும். உங்கள் மாமியார் சமையல்கட்டில் நின்று ஒரு மணி நேரம் பேசினால் அந்தப் பட்டியல் முழுக்க வந்துவிடும். 'பசி வயித்தைக் கிள்ளுது' என்பார். பசிக்கு விரல் முளைத்துவிட்டது, அதுதான் பெர்சானிஃபிகேஷன். 'உலை தளதளன்னு கொதிக்கு' என்பது ஆனமடோபியா. கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குப் 'பெயர் செய்தல்' என்று பொருள், சத்தத்தையே பெயராகச் செய்துவிடுவது. 'காது கிழியக் கத்தாதட்டி' என்றால் ஹைபர்போல், மிகையாகச் சொல்லும் நம் உயர்வு நவிற்சி. 'தங்கம் மாதிரி பிள்ளை' என்றால் சிமிலி. 'என் தங்கம்லா' என்று அணைத்துக்கொண்டால் மெட்டஃபர். அந்த 'மாதிரி' எங்கே போனது என்று கேட்டாலே போதும், இரண்டையும் உங்கள் மகள் ஆயுசுக்கும் குழப்பிக்கொள்ள மாட்டாள்.

தமிழ் இங்கிலீஷைக் கெடுக்கும் என்று உங்களுக்கு யார் சொன்னது? உவமைக்கென்றே ஓர் இயல் வைத்திருக்கிறது தொல்காப்பியம். வினை, பயன், மெய், உரு என்ற நான்கை வைத்து ஒப்பிடுவோம் என்று அங்கே இருக்கிறது. செயல், பலன், வடிவம், நிறம். ஓட்டத்துக்கு மான், கொடைக்கு மழை, இடைக்கு உடுக்கை, உதட்டுக்குப் பவளம். இந்த நான்கு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு எந்த மொழியிலும் உவமை செய்யலாம். உங்கள் ஊர்ப் பள்ளிகளில் சொல்லித்தரும் மராத்தி இலக்கணத்திலும் உவமைக்கு உபமா, உருவகத்துக்கு ரூபக் எல்லாம் உண்டு. பெர்சானிஃபிகேஷனுக்கு அங்கே சேதனகுணோக்தி என்று பெயர். ஒன்று பிடிபட்டால் மற்ற இரண்டும் தானாகப் பிடிபடும். இத்தனை மொழிக்கு நடுவில் வளரும் பிள்ளைக்கு நீங்கள் ஒரு கதவைச் சாத்தி வைத்திருக்கிறீர்கள், அதுவும் அவள் பிறந்த வீட்டுக் கதவை.

இன்னொன்று. கடிதத்தில் உங்கள் கணவரைக் காணோம். தன் தாய் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியுமா? தெரிந்தும் பேசாமல் இருந்தால் அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. இந்தக் கடிதத்தை அவரையும் படிக்கச் சொல்லுங்கள். பெற்றவளைப் பார்த்துக்கொள்வது சோறு போடுவதோடு முடிகிற காரியமில்லை.

சரி, செய்ய வேண்டியது இது. இன்று ராத்திரியே மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 'அத்தை, நான் சொன்னது தப்பு, நீங்க பேசுங்க' என்று மாமியாரிடம் சொல்லுங்கள். தனியாகச் சொல்லாதீர்கள். நீங்கள் தடை போட்டதைக் கேட்ட பிள்ளை, அதை எடுப்பதையும் கேட்க வேண்டும். அப்புறம் அவள் கையில் ஒரு நோட்டைக் கொடுங்கள். பாட்டி சொல்வதில் தினம் இரண்டு வாக்கியத்தை அப்படியே தமிழில் எழுதட்டும். எந்த அணி என்று பக்கத்தில் குறித்துவிட்டு, அதே கற்பனையை இங்கிலீஷில் சொல்லிப் பார்க்கட்டும். சில இடத்தில் அது அழகாக வரும், சில இடத்தில் வராது. வராத இடத்தில் ஏன் வரவில்லை என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள்.

அடுத்த யூனிட் டெஸ்ட் முடிந்ததும், பாட்டியைப் பற்றி என்ன எழுதினாள் என்று எனக்கு ஒரு வரி போடுங்கள்.