உங்களுக்கு மிகவும் பிடித்த பாப் ஆல்பங்கள் எவை? ஏன்?

பத்துப் பெயரை வரிசையாக எழுதிவிட்டுப் போகலாம்தான். ஆனால் அந்தப் பத்தும் ஏற்கெனவே எல்லோருடைய பட்டியலிலும் இருக்கும், படிப்பவருக்குப் பயன் இல்லை. அதனால் 'ஏன்' என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எதை வெட்ட வேண்டும் என்று தெரிந்தவர்கள் போட்ட ஆல்பங்கள்தான் எனக்குப் பிடிக்கும். நல்ல பாட்டுப் போட நிறையப் பேரால் முடியும். நன்றாக வந்த ஒன்றை 'இது இங்கே வேண்டாம்' என்று கழற்றி வைக்கத்தான் மனசு வராது.

மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' (1982) பற்றி இனி எழுத என்ன இருக்கிறது என்று தோன்றும். ஒன்பதே பாட்டு, சுமார் 42 நிமிடம். அதில் ஏழு பாட்டு அமெரிக்காவில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தன. எனக்குப் பிடித்த கதை அதற்கு முந்தையது. கெடு நெருங்கி, அவசர அவசரமாக மிக்ஸிங் (தனித்தனியாகப் பதிவான ஒலிகளை ஒன்றாகக் கலப்பது) முடித்து, உட்கார்ந்து போட்டுக் கேட்டால் ஆல்பம் சப்பென்று இருந்தது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது என்று ஜாக்சன் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பாட்டுகளில் கோளாறு இல்லை, நீளத்தில்தான் கோளாறு. இசைத்தட்டில் ஒலி என்பது ஒரே சுருளாக ஓடும் பள்ளம். ஒரு பக்கத்தில் ஏற்றும் நிமிடங்கள் கூடக் கூட, அந்தப் பள்ளத்தை நெருக்கி நெருக்கி வெட்ட வேண்டும். நெருங்கினால் ஊசி பக்கவாட்டில் ஆட இடமிருக்காது. சத்தம் குறையும், முதலில் அடிபடுவது பேஸ், அதாவது பாட்டைத் தாங்கும் கனமான அடி ஒலி. பேஸ் செத்துப்போன மைக்கேல் ஜாக்சன் ஆல்பத்தை யார் கேட்பார்கள்? தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸும் ஜாக்சனும் திரும்ப உட்கார்ந்து பாட்டுகளைக் குறைத்தார்கள், ஒவ்வொன்றாக மறுபடி மிக்ஸ் செய்தார்கள். இன்று நாம் கேட்பது அந்த இரண்டாம் முயற்சிதான்.

வெட்டுவதில் சண்டையும் நடந்தது. 'பில்லி ஜீன்' தொடக்கம் ரொம்ப நீளம் என்பது ஜோன்ஸின் கட்சி. அந்த இடம்தான் தன்னை ஆட வைக்கிறது என்று ஜாக்சன் விடவில்லை. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். முதலில் டிரம்ஸ் மட்டும், வேறெதுவும் கிடையாது. பிறகு பேஸ் நுழைகிறது, மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டே, ஒரு இடத்திலும் நிற்காமல். அதற்கப்புறம்தான் சின்தசைசரில் சுரக்கூட்டுகள், விட்டு விட்டு. குரல் வரும்போது அரை நிமிடம் ஆகப்போகிறது. அதற்குள் கால் தாளம் போட ஆரம்பித்திருக்கும். ஜாக்சன் பிடிவாதம் பிடித்தது நல்லதாய்ப் போயிற்று.

என்னைக் கேட்டால் இந்த ஆல்பத்தில் வெட்டியே ஆகவேண்டிய பாட்டு ஒன்று தப்பித்துவிட்டது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியுடன் சேர்ந்து பாடிய 'தி கேர்ள் இஸ் மைன்'. இரண்டு மேதைகள் ஒரு பெண்ணுக்காகச் செல்லச் சண்டை போடுகிறார்கள், கேட்கிறவருக்குக் கொட்டாவி வருகிறது. இதையே முதல் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாக, வெளியிட்டார்கள்!

வெட்டுவதில் எல்லோரையும் விடத் துணிச்சல் ப்ரின்ஸுக்கு. 'பர்ப்பிள் ரெயின்' (1984) ஆல்பத்தில் 'வென் டவ்ஸ் க்ரை' பாட்டை எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்துப் பதிவு செய்தார், பேஸ் உட்பட. பிறகு அந்த பேஸை அப்படியே எடுத்துவிட்டார். ஆட வைக்கும் பாட்டை பேஸ் இல்லாமல் எவராவது வெளியிடுவார்களா? வெளியிட்டார். அமெரிக்காவில் ஐந்து வாரம் முதலிடம். டிரம் மெஷினுக்கும் குரலுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் கேட்கும். ஏதோ குறைகிறது என்று காது தேடிக்கொண்டே இருக்கும், பாட்டின் பதற்றமே அங்கிருந்துதான் வருகிறது. 'பர்ப்பிள் ரெயின்' பாட்டிலும் கத்தரி விழுந்திருக்கிறது. 1983 ஆகஸ்டில் மினியாபொலிஸ் நகர கிளப் ஒன்றில் மேடையில் வாசித்ததைத்தான் அடிப்படையாக வைத்துக்கொண்டார், அதிலிருந்து ஒரு சரணத்தையே தூக்கிவிட்டார். அப்படியும் ஆல்பத்தில் எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. அதில் ஒரு நொடியைக்கூட நான் விட்டுத்தரமாட்டேன்.

இனி எனக்கு மிகவும் பிடித்த ஆல்பம். ஃப்ளீட்வுட் மேக் குழுவின் 'ரூமர்ஸ்' (1977). குழுவில் ஐந்து பேர். ஜான் மெக்வீயும் கிறிஸ்டின் மெக்வீயும் விவாகரத்தில் இருந்தார்கள், லிண்ட்சி பக்கிங்ஹாமும் ஸ்டீவி நிக்ஸும் காதல் முறிவில் இருந்தார்கள், டிரம்ஸ் வாசித்த மிக் ஃப்ளீட்வுட்டின் குடும்பமும் உடைந்துகொண்டிருந்தது. இந்த ஐந்து பேரும் ஒரே ஸ்டூடியோவில் மாதக்கணக்கில். பக்கிங்ஹாம் நிக்ஸைத் தாக்கி 'கோ யுவர் ஓன் வே' எழுதுகிறார், அதில் பின்குரல் பாடுவது அதே நிக்ஸ். கிறிஸ்டின் தன் புதுக் காதலைப் பற்றி எழுதிய பாட்டுக்கு முன்னாள் கணவர் பேஸ் வாசிக்கிறார். வேறொரு குழுவாக இருந்தால் மூன்றாம் நாளே மூட்டை கட்டியிருக்கும்.

நிக்ஸ் எழுதிய பதில்களில் ஒன்று 'சில்வர் ஸ்ப்ரிங்ஸ்'. அருமையான பாட்டு, ஆனால் நீளம். மறுபடியும் அதே பழைய கதை, இசைத்தட்டில் இடமில்லை. ஆல்பத்திலிருந்து தூக்கினார்கள், அவரே எழுதிய வேறொரு சின்னப் பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. 'சில்வர் ஸ்ப்ரிங்ஸ்' போய் உட்கார்ந்த இடம்தான் கொடுமை: 'கோ யுவர் ஓன் வே' சிங்கிளின் பின்பக்கம். திட்டு முன்பக்கம், அதற்கான பதில் பின்பக்கம்.

இருபது ஆண்டு கழித்து, 1997இல் குழு மறுபடி கூடி மேடையேறிய 'தி டான்ஸ்' நிகழ்ச்சியில் அந்தப் பாட்டைப் பாடினார்கள். வீடியோ தேடிப் பாருங்கள். கடைசிப் பகுதியில் நிக்ஸ் கூட்டத்தை விட்டுவிட்டு பக்கிங்ஹாம் பக்கம் திரும்பி, நேராக அவர் முகத்தைப் பார்த்துப் பாடுகிறார். என் குரலிலிருந்து நீ தப்பவே முடியாது என்கிற வரிகள். அவரும் கிட்டாரோடு நின்று பார்வையை விலக்காமல் திருப்பிப் பார்க்கிறார். நடிப்பா நிஜமா என்று ரசிகர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. ஆல்பத்தில் ஒழுங்காக இடம்பிடித்திருந்தால் அந்த ஐந்து நிமிடத்துக்கு இவ்வளவு கனம் வந்திருக்காது.

என் கொள்கைக்கு அடங்காத ஒருவர் ஸ்டீவி வொண்டர். 'சாங்ஸ் இன் தி கீ ஆஃப் லைஃப்' (1976) இரண்டு எல்பி (பெரிய இசைத்தட்டு), அதிலும் அடங்காமல் நான்கு பாட்டுக்குத் தனியாக ஒரு சின்னத் தட்டு, ஆக மொத்தம் 21 பாட்டு. வெட்டவேயில்லை மனிதர். இருந்தாலும் ஜாஸ் மேதை டியூக் எலிங்டனுக்கு வணக்கம் வைக்கும் 'சர் டியூக்'கின் ஊதுகருவிகள் ஓடும் அந்த ஓட்டத்தைக் கேட்டபின் வாய் திறக்க முடியாது. அந்தக் காலத்தில் அவர் ஆல்பம் போட்டால் கிராமி அவருக்குத்தான். அவர் போடாத ஓர் ஆண்டில் சிறந்த ஆல்பம் விருது வாங்கிய பாடகர் பால் சைமன், இந்த வருடம் ஆல்பம் வெளியிடாமல் இருந்ததற்காக ஸ்டீவி வொண்டருக்கு நன்றி என்று மேடையிலேயே சொன்னார்.

கேட் புஷ்ஷின் 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்' (1985) இன்னொன்று. முதல் பக்கம் ஐந்து பாட்டு, அதில் நான்கு சிங்கிளாக வந்தவை. திருப்பிப் போட்டால் ஏழு பாட்டும் ஒரே கதை: இரவில் கடலில் தனியாக மிதக்கும் ஒரு பெண். செல்போனில் கேட்பவர்களுக்கு இந்தத் 'திருப்பிப் போடுதல்' கிடைக்காது, ஐந்தாம் பாட்டு முடிந்ததும் கையால் நிறுத்திவிட்டு, கொஞ்சம் கழித்துத் தொடருங்கள். 2022இல் ஒரு வெப் தொடரால் 'ரன்னிங் அப் தட் ஹில்' 37 ஆண்டுக்குப் பிறகு பிரிட்டனில் முதலிடம் போனது. அதைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் பக்கம் வரை போனார்களோ!

இப்போது இசைத்தட்டின் கெடுபிடி இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம், ஏற்றுகிறார்கள். டெய்லர் ஸ்விஃப்டின் 'ஃபோக்லோர்' எனக்குப் பிடிக்கும். ஆனால் 2024இல் ஒரே ராத்திரியில் 31 பாட்டை இறக்கினார் பாருங்கள், அதில் பாதியோடு என் பொறுமை போய்விட்டது. அதே ஆண்டு பில்லி ஐலிஷும் அண்ணன் ஃபினியஸும் சேர்ந்து செய்த 'ஹிட் மீ ஹார்ட் அண்ட் சாஃப்ட்' பத்தே பாட்டு. கட்டாயம் எதுவும் இல்லாமலே அளவோடு நிறுத்தியிருக்கிறார்கள்.

பீட்டில்ஸ் எங்கே என்று கேட்பீர்கள். 'ரிவால்வர்' (1966) போதும் எனக்கு. 14 பாட்டு, 35 நிமிடம். வெள்ளை ஆல்பம் என்று எல்லோரும் கூப்பிடும் 1968 ஆல்பத்தில் 30 பாட்டு. இரண்டு தட்டை ஒன்றாகக் குறைத்துவிடலாம் என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் சொல்லிப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை. நான் மார்ட்டின் கட்சிதான். 'ரெவல்யூஷன் 9' போகட்டும், 'வைல்ட் ஹனி பை' போகட்டும். மீதி 28இல் எதில் கை வைப்பது என்றுதான் இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை.