“பாட்டி பேட் டச் பண்றாங்க!”

கேள்வி: என் மகளுக்கு 4 வயது, மகனுக்கு 7. கொளத்தூரில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். போன மாதம் மகளின் பள்ளியில் ‘குட் டச், பேட் டச்’ சொல்லிக்கொடுத்தார்கள். அன்றிலிருந்து என் மாமியார் குளிப்பாட்டப் போனால், “பாட்டி பேட் டச் பண்றாங்க” என்று அக்கம்பக்கம் கேட்கும்படி கத்துகிறாள். மாமியார் அழுதேவிட்டார். கொழுந்தனார் கன்னத்தைக் கிள்ளினாலும் இதே கூச்சல். பிள்ளைகள் வேனில் போய் வருவதால் எனக்கு உள்ளுக்குள் பயம். சொல்லிக்கொடுப்பதை நிறுத்தவும் மனமில்லை. இந்த வயதுக்கு எதை, எப்படிச் சொல்வது? மகன் ஆண் பிள்ளைதானே, அவனுக்கு இதெல்லாம் தேவையில்லை அல்லவா?
– வாசகி, சென்னை

பதில்: உங்கள் மகள் கத்துகிறாள் என்பதில் எனக்குப் பாதி சந்தோஷம்தான். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்ல அவளுக்குத் தெரிகிறது. அதற்காக, ‘ஸ்கூலில் சொன்னதை உளறுகிறாள்’ என்று தள்ளிவிடவும் வேண்டாம். ஒரு நாள் சும்மா விளையாடிக்கொண்டிருக்கும்போது, “பாட்டி குளிப்பாட்டும்போது உனக்கு என்ன பிடிக்கல?” என்று சாதாரணமாகக் கேளுங்கள். பெரும்பாலும் சீயக்காய் கண்ணில் எரிந்திருக்கும், அல்லது பாட்டி அழுத்தித் தேய்த்திருப்பார். நான்கு வயதில் சோப்பை அவள் கையிலேயே கொடுத்துவிடலாம். கால் இடுக்கை அவளே கழுவிக்கொள்ளட்டும். தலையும் முதுகும் பாட்டிக்கு. பாட்டியின் உரிமை போகாது, பேத்தியின் உரிமையும் வரும்.

சிக்கல் ‘பேட் டச்’ என்ற அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. நான்கு வயதுக் குழந்தைக்கு ‘பேட்’ என்றால் வலிக்கிறது, பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அந்தக் கணக்கில், டாக்டரான நான் போடும் தடுப்பூசிதான் உலகத்திலேயே பெரிய பேட் டச். ஆனால் தவறான எண்ணத்தோடு நெருங்குகிறவர் வலிக்கிற மாதிரியா தொடுவார்? சாக்லேட் கொடுப்பார், கிச்சுக்கிச்சு மூட்டுவார், செல்போனில் கேம் ஆட விடுவார். குழந்தைக்கு அது ‘பேட்’ ஆகவே தெரியாது. கொஞ்சம் வளர்ந்து விவரம் புரிந்ததும், ‘பேட் விஷயத்தில் நானும் இருந்தேனே, அப்போ நானும் பேட்’ என்று வாயை மூடிக்கொள்ளும்.

அதனால் உணர்ச்சியை விட்டுவிட்டு விதியாகச் சொல்லுங்கள். சாலையைக் கடக்கும்போது கையைப் பிடித்துக்கொள் என்பது மாதிரி, மிரட்டாத குரலில். “ஜட்டி மூடுற இடம், மார்பு, வாய் எல்லாம் உன்னோட சொந்த இடம். கழுவிவிடவும், வலிச்சா மருந்து போடவும் மட்டும்தான் பெரியவங்க தொடலாம். விளையாட்டுக்கு யாரும் தொடக் கூடாது, பார்க்கக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது. அவங்க இடத்தைத் தொடச் சொல்லவும் கூடாது. யார் செஞ்சாலும் அம்மாகிட்ட சொல்லணும்.” இதை ஒரே நாளில் பாடமாக நடத்த வேண்டாம். குளிக்கும்போது ஒரு வரி, உடை மாற்றும்போது ஒரு வரி போதும். டாக்டர் பார்ப்பதென்றால் அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். நானே குழந்தையின் வயிற்றில் கை வைப்பதற்கு முன் “தொட்டுப் பார்க்கட்டுமா?” என்று கேட்பேன். சில பொடிசுகள் “வேணாம்” என்று சொல்லிவிடும். அப்புறம் பொம்மையின் வயிற்றில் ஆரம்பித்துச் சுற்றி வர வேண்டியதுதான்.

பெயர் விஷயம் கொஞ்சம் சங்கடமானது. ஜட்டி இல்லாமல் ஓடிவரும் குழந்தையைப் பார்த்து “ஷேம் ஷேம்” என்று சிரிக்காத வீடு சென்னையில் குறைவு. பாதி வீடுகளில் அந்த உறுப்பின் பெயரே ‘ஷேம் ஷேம்’ தான். வெட்கம் என்றே பெயர் வைத்துவிட்டு, அங்கே ஒருவர் தொட்டால் வெட்கப்படாமல் வந்து சொல் என்றால் எப்படிச் சொல்லும்? வீட்டுக்குள் மட்டும் புரியும் செல்லப் பெயரிலும் ஆபத்து உண்டு. ‘பூ’ என்று பழக்கிய குழந்தை பள்ளியில் “அங்கிள் என் பூவைத் தொட்டார்” என்றால், டீச்சர் தலையில் வைத்த பூ என்றுதான் நினைப்பார். ஆண்குறி, பெண்குறி என்ற சொற்கள் புத்தகத்தனமாக இருப்பது உண்மை. ஆனாலும் ஒரு தடவை கூச்சமில்லாமல் சொல்லி வையுங்கள். அன்றாடப் பேச்சில் ‘ஒண்ணுக்குப் போற இடம்’ என்றாலே யாருக்கும் புரிந்துவிடும்.

உங்கள் வீட்டில் உடனே மாற்ற வேண்டியது என்று நான் நினைப்பது வேறு. தாத்தா ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டு, “அம்மாகிட்ட சொல்லாதே” என்பார். எவ்வளவு பாசமான தாத்தாவாக இருந்தாலும், அம்மாவிடம் ஒன்றை மறைக்கலாம், மறைத்தால் இனிப்பு கிடைக்கும் என்று அவர் தெரியாமலே பழக்கிவிடுகிறார். கெட்ட எண்ணம் உள்ளவர் முதலில் சோதித்துப் பார்ப்பதும் அதைத்தான்: இந்தக் குழந்தை ரகசியம் காக்குமா? முதல் ரகசியம் ஒரு மிட்டாயாகத்தான் இருக்கும். எனவே வீட்டுக்கு ஒரு சட்டம் போடுங்கள். சர்ப்ரைஸ் இருக்கலாம், ரகசியம் கூடாது. அப்பா பிறந்தநாளுக்கு வாங்கி ஒளித்து வைத்த சட்டை சர்ப்ரைஸ்; இரண்டு நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். எப்போதுமே யாரிடமும் சொல்லாதே என்று ஒருவர் சொன்னால், அதைத்தான் அம்மாவிடம் முதலில் சொல்ல வேண்டும். ஐஸ்கிரீமுக்காக நீங்கள் தாத்தாவைத் திட்டாமல் இருந்தால் இந்தச் சட்டம் சுலபமாக நிற்கும்.

கன்னம் கிள்ளும் கொழுந்தனாரிடம், “அவளுக்கு இப்போ பிடிக்கல, ஹை-ஃபைவ் கொடுங்க” என்று குழந்தையின் முன்னாலேயே நீங்கள் சொல்லுங்கள். “மாமாவுக்கு ஒரு முத்தா குடு” என்று நாம் பிடித்துத் தள்ளும் ஒவ்வொரு முறையும், பெரியவர் கேட்டால் உடம்பைக் கொடுத்துவிட வேண்டும் என்றல்லவா பிள்ளைக்குப் புரிகிறது? வணக்கம் சொல்லட்டும், டாட்டா காட்டட்டும். மரியாதை அதில் குறையாது.

மகனுக்குத் தேவையில்லையா என்றீர்கள். மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், 53 சதவீதத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஏதாவது ஒரு வகைப் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் பையன்கள் பாதிக்குக் கொஞ்சம் மேல். தொந்தரவு செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பையன் சொல்வதற்கு இன்னும் தயங்குவான். ஆம்பளைப் பையன் அழக் கூடாது என்று நாம்தானே சொல்லி வைத்திருக்கிறோம். வேன் ஓட்டுநரை மட்டும் சந்தேகித்துவிட்டு, டியூஷன், மாடி வீடு, நம் சொந்தம் என்றால் கண்ணை மூடிக்கொள்வதும் இதனால்தான் சரிப்படாது.

‘கத்து, ஓடு’ என்று சொல்லிக்கொடுப்பது நல்லதுதான். ஆனால் பயத்தில் குழந்தை விறைத்துப் போய் நின்றுவிடும், குரலே வராது. பெரியவர்களுக்கே அப்படித்தான். “உன்னால கத்த முடியலன்னாலும் பரவாயில்ல, எத்தனை நாள் கழிச்சு சொன்னாலும் பரவாயில்ல, அம்மா திட்ட மாட்டேன்” என்பதையும் கூடவே சொல்லுங்கள். அம்மாவைத் தவிர இன்னும் இரண்டு பேரையாவது அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். அத்தையோ டீச்சரோ, யாராக இருந்தாலும் சரி.

அப்புறம், அரிப்பு என்று சொன்னாலே பதறும் அம்மாக்களை நிறையப் பார்க்கிறேன். இந்த வயதுப் பெண் குழந்தைகளுக்குக் கீரிப்பூச்சியாலும், சோப்பு ஒத்துக்கொள்ளாமலும், சரியாகக் கழுவாததாலும் அரிப்பு வருவது சகஜம். ரத்தம், காயம், ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் மட்டும் ஒளிந்துகொள்வது, வயதுக்கு மீறிய பாலியல் பேச்சு, நின்றுபோன படுக்கை நனைத்தல் காரணமில்லாமல் திரும்ப வருவது போன்றவை இருந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: பரிசோதனையில் காயம் எதுவும் தெரியவில்லை என்பதால் எதுவும் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. பெரும்பாலான குழந்தைகளுக்குத் தடயமே இருப்பதில்லை. குழந்தை சொல்வதுதான் முக்கியம்.

அப்படி ஒரு நாள் சொன்னால், உங்கள் முகத்தைத்தான் அது பார்த்துக்கொண்டிருக்கும். அலற வேண்டாம், “ஏன் அங்கே போனே?” என்று கேட்க வேண்டாம். “சொன்னது நல்லது, உன் மேல தப்பில்ல” என்று சொல்லுங்கள். துருவித் துருவி, வீட்டில் ஆளாளுக்குக் கேட்க வேண்டாம். அண்மையில் நடந்தது என்றால் குளிப்பாட்டாமல், துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வாருங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். போலீஸ் புகார் இருந்தால்தான் சிகிச்சை என்று எந்த மருத்துவமனையும் சொல்ல முடியாது. தகவல் தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்ல வேண்டியது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, டாக்டரான என் கடமையும்கூட. அது ஆண் பிள்ளைகளுக்கும் பொருந்தும் சட்டம். குழந்தையின் வாக்குமூலத்தைப் போலீஸ் வீட்டிலேயே வாங்கலாம், சீருடையில் வரக் கூடாது. குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக் கூடாது. யாரைக் கேட்பது என்று புரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம், இலவசம்.

கடைசியாக, வேன். காலை அவசரத்தில் இடம் போதாமல் சின்னப் பிள்ளைகளை முன்னால், யார் மடியிலாவது உட்கார வைப்பது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. உங்கள் பிள்ளைகள் எந்த சீட்டில் உட்காருகிறார்கள், கடைசியாக இறங்கும் குழந்தை யார், அதுவரை கூட யார் இருக்கிறார்கள் என்று நாளைக் காலையிலேயே கேட்டுவிடுங்கள். மகனிடமும் தனியாகக் கேளுங்கள். வேனில் நடப்பது ஏழு வயதுக்காரனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.