மண்டலமும் தெரபியும்: பெங்களூரு அல்சூர் சகோதரிக்கு

நான்கு வயது மகனுக்குப் பெருமூளை வாதம், மாமியாரோ "பிசியோதெரபியை நிறுத்து, 48 நாள் கோயிலுக்குப் போனால் போதும்" என்கிறார், கணவரோ பேசாமல் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். என் மகளுக்கும் இதே பிரச்சினைதான். இப்போது பதினாறு வயது.

என் மாமியாரும் முதலில் பூர்வ ஜென்ம பாவம் என்றார். வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பு, யார் பாவமும் இல்லை என்று மருத்துவரே சொன்னபோதுதான் அடங்கினார். ஒருநாள் அவரைத் தெரபிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே கால் நீட்டும் பயிற்சியைக் கற்றுக்கொண்டார். அப்புறம் வீட்டில் தினமும் அவர்தான் செய்தார், முருகன் பாட்டு ஒரு வரி முடியும்வரை காலைப் பிடித்துக்கொண்டு! (என் கணக்கைவிட அது சரியாக இருந்தது.) மண்டலமும் இருக்கட்டும், தெரபி நிற்க வேண்டாம்.

செலவு பற்றிக் கேட்டீர்களே, மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபிக்கும் ஒரு பகுதி உண்டு. மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேண்டும், அதை முதலில் எடுங்கள். இந்திராநகரில், நம் பிள்ளைகளைப் போன்றவர்களுக்கு உதவும் கர்நாடக ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி உங்களுக்குப் பக்கம்தான். போகும்போது கணவரையும் கூட்டிப் போங்கள். பேசாமல் இருப்பவருக்குப் பயம்தான் அதிகம். என் வீட்டுக்காரர் அப்படித்தான் இருந்தார்.