எஞ்சினைப் பிளக்க முன்னர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: அப்பா 1984இல் வாங்கிய இத்தாலி வெஸ்பா பிஎக்ஸ் 150 ஈ ஸ்கூட்டரை இன்னும் ஓட்டுகிறேன். மீற்றர் 90,000 கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. காரைநகரிலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறேன். காலையில் கிளப்பினால் முற்றம் முழுவதும் வெள்ளைப் புகை. சூடேறிய பிறகு அக்சிலேற்றரை மூடினாலும் எஞ்சின் வேகம் இறங்காமல் இரைகிறது; சில நாட்களில் வழியில் நின்று, கால் மணி நேரம் கழித்துத்தான் கிளம்புகிறது. இரண்டாம் கியர் துள்ளி விழுகிறது. கராஜில் பிஸ்டன், சிலிண்டர், கிராங் எல்லாம் மாற்ற வேண்டும் என்கிறார்கள். செய்வதா, விற்பதா?

பதில்: மீற்றரில் உள்ள எண்ணை முதலில் மறந்துவிடுங்கள். நாற்பது வருடம் ஓடிய வெஸ்பாவில் மீற்றர் கேபிள் அறுந்து கிடந்த காலம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அந்த எண்ணைப் பார்த்து எஞ்சினுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. நீங்கள் சொன்ன நான்கு குறைகளில் ஒன்றுகூட பிஸ்டன் தேய்ந்துவிட்டது என்று காட்டவில்லை. தேய்ந்தும் இருக்கலாம். ஆனால் அதை அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். புகையைப் பார்த்துச் சொல்லக் கூடாது.

புகையிலிருந்து தொடங்குவோம். இது இரு வீச்சு எஞ்சின். கிராங் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) சுழலும் அறைக்குள்தான் பெற்றோலும் காற்றும் முதலில் வந்து சேர்கின்றன. அந்த அறையின் இரு பக்கமும் இரண்டு ரப்பர் ஒயில் சீல்கள் காவல் நிற்கின்றன: ஒன்று கிளச் பக்கம், மற்றது பிளைவீல் பக்கம். கிளச் பக்கத்துச் சீல் காய்ந்து வெடித்தால், கியர் பெட்டியில் இருக்கும் ஒயிலை எஞ்சின் உறிஞ்சி எரிக்கும். காலைப் புகை பெரும்பாலும் அதுதான். கண்டுபிடிக்க எதையும் பிளக்க வேண்டாம். அடியில் உள்ள வடிகால் ஆணியைக் கழற்றி, கியர் ஒயிலை ஓர் அளவுக் குவளையில் வடியுங்கள். இந்த எஞ்சின் கொள்ளும் அளவு ஏறக்குறைய 250 மில்லிலீற்றர். நிலத்தில் ஒழுக்கு இல்லாமலே பாதிதான் வடிகிறது என்றால் மீதியை எஞ்சின் குடித்துவிட்டது. மாறாக, வடிவது அளவுக்கு மேல் இருந்து பெற்றோல் மணமும் வீசினால், இரவில் பெற்றோல் ரப்பைத் திறந்தபடி விட்டிருக்கிறீர்கள். காபரேட்டர் ஊசியும் சரியாக அடைக்கவில்லை. அப்போதும் சந்தேகம் அதே சீல் மீதுதான். புதிதாக எஸ்ஏஈ 30 ஒயிலை அளந்து ஊற்றி, இரண்டு மூன்று வாரம் ஓடிவிட்டு மறுபடி வடித்துப் பாருங்கள். ஐயம் தீர்ந்துவிடும்.

புகை பார்வைக்கு அசிங்கம், அவ்வளவுதான். எனக்குக் கவலை தருவது நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன அந்த இரைச்சல். அக்சிலேற்றரை மூடிய பிறகும் வேகம் இறங்கவில்லை என்றால், காபரேட்டரைத் தவிர வேறு வழியாகவும் எஞ்சினுக்குள் காற்று புகுகிறது. இரு வீச்சு எஞ்சினில் மசகு எண்ணெய் பெற்றோலோடு சேர்ந்தே வருகிறது. காற்று மிகுந்து பெற்றோல் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது, சூடும் ஏறுகிறது. ஒரு நாள் பொன்னாலைப் பாலத்தின் நடுவில் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும்; பின்சக்கரம் பூட்டுப் போட்டதுபோல் நிற்கும். அப்படி ஒரு இழுவை உணர்ந்த கணமே கிளச்சைப் பிடியுங்கள், பிரேக்கை அல்ல.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. எஞ்சின் இரையும்போது சோக்கை இழுங்கள். வேகம் தணிந்தால் காற்று மிகுதிதான். பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி மரப்பட்டை நிறத்தில் இருந்தால் நலம். சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் அன்றிலிருந்து ஸ்கூட்டரை எடுக்காதீர்கள், பஸ்ஸில் போங்கள். காபரேட்டர் அடியில் உள்ள கஸ்கற் (இடைவெளி அடைக்கும் தாள்), சிலிண்டர் அடிக் கஸ்கற் இரண்டையும் பார்த்த பிறகு பிளைவீல் பக்கத்துச் சீலுக்கு வாருங்கள். இதை மாற்ற எஞ்சினைப் பிளக்கத் தேவையில்லை. பிளைவீலையும் அதன் பின்னால் உள்ள சுருள் தட்டையும் (பொறிக்கு மின்சாரம் தரும் கம்பிச் சுருள்கள் உள்ள தட்டு) கழற்றினால் சீல் கண்ணுக்குத் தெரியும். பிளைவீலைச் சுத்தியலால் அடித்துக் கழற்ற ஒருவரையும் விடாதீர்கள். அதற்கென்று புல்லர் இருக்கிறது. சுருள் தட்டைக் கழற்ற முன்னர் அது இருந்த இடத்தைக் கூரான ஊசியால் கீறி அடையாளம் வையுங்கள். சற்றே திரும்பிப் பூட்டினாலும் பொறி விழும் நேரம் மாறிவிடும்.

சுருள் தட்டு கையில் இருக்கும்போதே வழியில் நிற்கும் குறையையும் பார்த்துவிடலாம். எண்பதுகளில் வந்த பிஎக்ஸ் வெஸ்பாக்களுக்கு இது ஒரு பிறவி நோய்: அந்தத் தட்டிலிருந்து வெளியே வரும் வயர்களின் உறை காலம் செல்லச் செல்லக் காய்ந்து, அப்பளம்போல் நொறுங்கும். சூட்டில் வயர்கள் ஒன்றையொன்று தொடும், பொறி நிற்கும். ஆறினால் விலகும், எஞ்சின் கிளம்பும். நீங்கள் சொல்லும் கால் மணி நேரக் கணக்கு இதற்கு அச்சாகப் பொருந்துகிறது. புதுத் தட்டு வாங்கத் தேவையில்லை. சூடு தாங்கும் வயர் போட்டு, நிறம் மாறாமல் ஈயம் ஒட்டத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தால் போதும். அதற்கு முன்னர் காசு செலவில்லாத ஒரு சோதனை: அடுத்த முறை நின்றதும் பெற்றோல் தாங்கி மூடியைத் திறந்து மூடிவிட்டு உதையுங்கள். உடனே கிளம்பினால் வயரில் பிழை இல்லை. மூடியின் காற்றுத் துளைதான் அடைபட்டிருக்கிறது.

இனி இரண்டாம் கியர். கைப்பிடியிலிருந்து வரும் இரண்டு கியர் கேபிள்களும் இழுபட்டுத் தளர்ந்திருந்தாலும் துள்ளும். அவற்றை முதலில் சரிசெய்யுங்கள். அதன் பிறகும், பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு வேகம் எடுக்கும்போது துள்ளினால், கராஜில் ‘குரோஸ்’ என்று சொல்லும் நான்கு கை உள்ள துண்டு முனை மழுங்கிவிட்டது. விலை அதிகமில்லாத சாமான். ஆனால் அது எஞ்சினின் நடுவயிற்றில் இருக்கிறது. கிளச் பக்கத்துச் சீலும் அப்படியே. ஆகவே உங்கள் எஞ்சினைப் பிளக்கத்தான் வேண்டிவரும். பிளப்பது எதற்காக என்பதில் மட்டும் கராஜ்காரரோடு எனக்கு உடன்பாடில்லை. பிளைவீல் பக்க வேலை உடனே. பிளப்பது, கியர் ஒயில் கணக்கு உறுதியான பிறகு.

பிளந்தால் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். சீல்கள், பேரிங்குகள், கஸ்கற் தொகுதி, குரோஸ் எல்லாம் ஒரே தடவையில் மாற வேண்டும். கிராங்கைத் தூக்கி, அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கொண்ராட்டை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சற்று ஆடுவது இயல்பு. மேல்கீழ் ஆட்டம் இருந்தால்தான் கிராங் போய்விட்டது. இன்னொன்று, இதைக் கவனமாகக் கேளுங்கள்: இந்த எஞ்சினில் கிராங்கின் வட்டத் தகடே காற்று வாயிலைத் திறந்து மூடும் வால்வு. அது உரசாமல் உரசி ஓடும் அலுமினியப் பரப்பில் ஒரு கீறல் விழுந்தாலும் எஞ்சினின் மூச்சு கெட்டுவிடும். எஞ்சினின் வெளி உடம்பான இரண்டு கேஸ்களையும் பிரிக்க இடையில் ஸ்குரூடிரைவரை நுழைத்து நெம்பும் கையாக இருந்தால் ஸ்கூட்டரை அங்கே விடாதீர்கள். கிளச் நட்டைக் கழற்றவும் பல் உள்ள தனிச் சாவி வேண்டும். அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். உளியை எடுத்துக் காட்டினால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

சிலிண்டரை லேத் கடையில் அளந்த பிறகே ரீபோர் (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது) பேச்சு. உங்கள் சிலிண்டரின் பிறந்த அளவு 57.8 மில்லிமீற்றர். மேலளவுப் பிஸ்டன்கள் 0.2 மில்லிமீற்றர் படியில் வருகின்றன. சாமான் தேடும்போது ஒரு பொறி இருக்கிறது. பழைய பஜாஜ் சேட்டக் சாமான் வெஸ்பாவுக்குப் பொருந்தும் என்று கடையில் சொல்வார்கள். கேபிள் போன்றவற்றில் அது பெருமளவு உண்மை; பிஸ்டனில் பொய். சேட்டக் 145 சிசி, அதன் சிலிண்டர் 57 மில்லிமீற்றர். வெஸ்பா மாதிரியில் இந்தியாவில் செய்யப்பட்ட எல்எம்எல் ஸ்கூட்டரின் பிஸ்டன் அளவு ஒத்துவரும், ஆனால் ரீட் வால்வு (நாக்குப் போன்ற மெல்லிய தகட்டு வால்வு) உள்ள எல்எம்எல்லின் கிராங் உங்கள் கேஸுக்கு ஆகாது. பிஎக்ஸ் 1977இல் தொடங்கிப் பல வருடம் தயாரிக்கப்பட்ட வண்டி என்பதால் அதற்கே உரிய சாமான்கள் இன்னும் புதிதாகச் செய்யப்படுகின்றன. நகரத்தில் கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடலாம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பையில் சீல் தொகுதிக்கு இடம் இல்லாமல் போகாது.

இழுவை குறைந்திருப்பதாக நீங்கள் எழுதவில்லை. குறைந்திருந்தால் பிஸ்டனுக்கு முன்னர் சைலன்சரைச் சந்தேகப்படுங்கள். தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்து வண்டிகள் சொட்டுப் பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடின. உங்கள் ஸ்கூட்டரும் அந்தக் காலத்தைக் கடந்து வந்தது. அந்தக் கரி சைலன்சருக்குள்ளும் சிலிண்டரின் புகை வாயிலிலும் இறுகிக் கிடந்தால், நல்ல பிஸ்டனும் நோயாளிபோல் நடக்கும். புகை வாயிலை மரக்குச்சியால் சுரண்டுங்கள், இரும்பு வேண்டாம். சைலன்சர் பழையதாக இருந்தால் மாற்றிவிடுவதே மலிவு.

பெற்றோலில் கலக்கும் ஒயில் 2 சதவீதம்: லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், இரு வீச்சு எஞ்சினுக்கான ஒயில் மட்டும். கூட ஊற்றினால் பாதுகாப்பு என்று நினைத்து நம்மவர்கள் கண்மதிப்பில் ஊற்றுவார்கள். அதனால் கரியும் புகையும்தான் கூடும். புகைப் பரிசோதனையிலும் சிக்கல்.

காரைநகரில் இருந்துகொண்டு உப்புக் காற்றைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெஸ்பாவுக்குத் தனிச் சட்டகம் (பிரேம்) கிடையாது, தகட்டு உடம்புதான் சட்டகம். கால் வைக்கும் தளத்தின் அடிப்பக்கம், பிரேக் மிதி இருக்கும் இடம், ஸ்ராண்ட் ஆணிகளைச் சுற்றிய பகுதி ஆகியவற்றை ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். மந்தமான ஒலி வந்தால் துரு உள்ளே தின்கிறது. துருவுக்கு மேல் தார்ப்பூச்சு அடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்ததாகும். கழுவுவது நல்ல தண்ணீரில் இருக்கட்டும், சவர்க் கிணற்றில் வேண்டாம்.

விற்பது பற்றி: இந்த நிலையில் விற்றால் சாமான் விலைக்குத்தான் போகும். என் கருத்து, திருத்தி வைத்திருங்கள். ஆனால் எஞ்சின் கேஸ் வெடித்துவிட்டது, வேறு கேஸ் போடலாம் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். எஞ்சின் இலக்கம் அந்தக் கேஸில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. அது மாறினால் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துவராது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அலைய வேண்டும். புத்தகம் இன்னும் அப்பாவின் பெயரிலேயே இருந்தால் அலைச்சல் இரட்டிப்பு. அலுமினியம் ஒட்டத் தெரிந்தவரிடம் பழைய கேஸைக் காட்டி, ஒட்ட முடியுமா என்று முதலில் கேளுங்கள்.