சின்ன வேனை கேம்பராக்குவது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேம்பர் என்றால் உள்ளேயே படுத்துத் தூங்கிப் பயணம் செய்ய ஏற்றபடி அமைத்த வண்டி. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மாருதி ஈகோவைப் பற்றியவை. மீதியில் பழைய ஆம்னி வைத்திருப்பவர்கள் அதிகம். தனித்தனியாகப் பதில் சொன்னாலும் அடிப்படையில் நான் சொல்வது ஒன்றுதான். வண்டியை வெட்டாதீர்கள், வெல்டு வைக்காதீர்கள். உள்ளே வைப்பது எல்லாமே கால் மணி நேரத்தில் கழற்றி வெளியே எடுக்கக்கூடியதாக இருக்கட்டும். சட்டம், பாதுகாப்பு, செலவு என்று எந்தப் பக்கம் இருந்து யோசித்தாலும் அதுதான் சரியாக வருகிறது.

என்னிடம் 5 சீட் ஈகோ இருக்கிறது. பின் சீட்டை எடுத்துவிட்டுக் கட்டிலும் சமையல் மேடையும் நிரந்தரமாக வைக்கப் போகிறேன். ஆர்.டி.ஓ. ஆபீஸில் பிரச்சினை வருமா? (கோவை)

வரும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு இதைத்தான் பேசுகிறது. ஆர்.சி.யில் உள்ள விவரம், தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரத்திலிருந்து மாறிப்போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. சீட் எண்ணிக்கை ஆர்.சி.யில் இருக்கிற விவரம். அதில் 5 என்று இருக்க, வண்டியில் இரண்டு சீட்தான் இருக்கிறது என்றால், சோதனையில் கேட்கும் அதிகாரிக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கேரவன் என்றே பதிவு செய்யவும் வழி இருக்கிறது. அதற்கு ஏஐஎஸ்-124 என்று தனித் தரநிலையே உண்டு. ஆனால் அது மாதிரி வண்டியைச் சோதனைக்குக் கொடுத்து ஒப்புதல் வாங்கி, அதன்படி கட்டி விற்கும் நிறுவனங்களுக்கான பாதை. ஒரே ஒரு ஈகோவுக்காகத் தனி ஆள் அந்தப் பாதையில் போனால் வண்டியின் விலையைவிடச் செலவு கூடிவிடும்.

அதனால் சீட்டை மடக்கியோ சாய்த்தோ, அதன் மேல் வந்து உட்காரும் கட்டிலாகச் செய்யுங்கள். அது நீங்கள் ஏற்றிச் செல்லும் சாமான், வண்டியின் மாற்றம் அல்ல. சீட்டை எடுத்தே ஆக வேண்டும் என்றால், எடுப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ.விடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்குங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். விபத்து நடந்த பிறகு சர்வேயர் வந்து, சொல்லாமல் செய்த மாற்றத்தைக் கண்டுபிடித்தால், கிளெய்மை மறுக்க அதுவே அவர்களுக்குப் போதும்.

ஈகோ கார்கோ வாங்கிவிட்டால் சீட் தொல்லையே இல்லையே? (ஈரோடு)

இடம் தாராளம்தான். ஆனால் அது சரக்கு வாகனம். பின்னால் ஆள் உட்கார்ந்து பயணம் செய்ய முடியாது. எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும், அப்புறம் வருடா வருடமும் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) காட்ட வேண்டும். இரண்டே பேர், இருவரும் முன் சீட்டில்தான் என்றால் யோசிக்கலாம். குழந்தைகளோடு போவதாக இருந்தால் வேண்டாம்.

கட்டிலை எப்படி நிறுத்துவது? தரையில் ஓட்டை போடாமல் ஆடாமல் நிற்குமா? எவ்வளவு உயரம் வைக்கலாம்? (கரூர்)

நிற்கும். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் முழு வேலையிலும் இதுதான் முக்கியம்.

முதலில் உயரம். வண்டிக்கு வெளியே, வீட்டுத் தரையில் சப்பணமிட்டு நிமிர்ந்து உட்காருங்கள். தரையிலிருந்து உச்சந்தலை வரை அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு 33-லிருந்து 36 அங்குலத்துக்குள் வரும். வேனின் கூரையிலிருந்து கீழ்நோக்கி அந்த அளவையும், மெத்தை கனத்துக்கு 3 அங்குலத்தையும், தலை இடிக்காமல் இருக்க ஒரு அங்குலத்தையும் கழியுங்கள். பலகை அதற்கு மேல் போகக் கூடாது. கீழே சாமான் வைக்க இடம் வேண்டும் என்று கட்டிலை உயர்த்திவிட்டு, மழை நாளில் உட்காரக்கூட முடியாமல் படுத்தே கிடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து கட்டிலின் சட்டம், அதாவது ஃப்ரேம். ஒரு அங்குல அலுமினியம் ஸ்கொயர் பைப் போதும். இரும்பு வேண்டாம், கனம். மேலே 12 மி.மீ. மரைன் பிளை (ஈரம் தாங்கும் பிளைவுட்). 18 மி.மீ. போடச் சொல்லும் ஆசாரியிடம் எடையைச் சொல்லுங்கள்: எட்டுக்கு நாலு ஷீட் 18 மி.மீ.யில் ஏறக்குறைய 35 கிலோ, 12 மி.மீ.யில் 25 கிலோவுக்குள். குறுக்குப் பைப்புகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் கொடுத்தால் 12 மி.மீ. பலகை இரண்டு பேரைத் தாங்கும். பலகையை மூன்று துண்டாக வெட்டுங்கள். அப்போதுதான் நடுத்துண்டை மட்டும் தூக்கி அடியில் இருப்பதை எடுக்கலாம்.

ஒவ்வொரு துண்டிலும் அரையடிக்கு ஒன்றாக ஒரு அங்குல ஓட்டைகள் போடுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இரவில் உடம்பின் ஈரம் ஃபோம் வழியாக இறங்கிப் பலகையில் தங்கும். நாலைந்து நாள் கழித்து மெத்தையைப் புரட்டினால் அடிப்பக்கம் ஈரமாக, கறுப்புப் புள்ளிகளோடு இருக்கும். காற்று போக வழி இருந்தால் பூஞ்சை பிடிக்காது.

இனி பிடிமானம். சீட்டைக் கழற்றியவர்களுக்கு அந்தச் சீட் போல்ட் ஓட்டைகளே போதும். கம்பெனி மரை போட்டுக் கொடுத்த இடம், அடியில் தகடும் பலமாக இருக்கும். எல் வடிவப் பிராக்கெட்டை அதே அளவு போல்ட்டால் அங்கே இறுக்குங்கள். சீட் இருக்கும் வண்டியில் ராட்செட் பெல்ட் வாங்கி, கட்டில் சட்டத்தைச் சீட்டின் இரும்புக் காலோடு நாலு மூலையிலும் இழுத்துக் கட்டுங்கள். சீட் பெல்ட் போல்ட்டுகளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தொடக் கூடாது.

தரையில் புதிதாக ஓட்டை போடுவதை நான் இவ்வளவு எதிர்ப்பதற்குக் காரணம், அடியில் பெட்ரோல் டேங்க், பெட்ரோல் லைன், பிரேக் லைன் எல்லாம் ஓடுகின்றன. அதோடு, போட்ட ஓட்டையைச் சுற்றித் துரு பிடிக்கும். கடலோர ஊர்களில் இரண்டே மழைக்காலத்தில் பிடித்துவிடும்.

பலகை வாங்குவதற்கு முன் ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியை வெட்டி முழு அளவில் ஒரு மாதிரி செய்து வண்டிக்குள் வைத்துப் பாருங்கள். கதவு மூடுகிறதா, கால் நீட்ட முடிகிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் சுசுகி எவ்ரி வைத்திருக்கிறேன். ஈகோவுக்குச் சொல்வது இதற்கும் பொருந்துமா?

பொருந்தும், உங்களுக்கு இன்னும் சுலபம். எவ்ரி ஜப்பானின் கெய் வகை வண்டி: 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம் என்ற வரம்புக்குள் கட்டியது. ஆம்னியும் சுசுகியின் கெய் வேன் வழியில் வந்ததுதான். இவ்வளவு சிறிய வண்டிக்குள் எப்படித் தூங்குவது என்பதை ஜப்பானியர்கள் பல ஆண்டுகளாகச் செய்து பார்த்துத் தேர்ந்திருக்கிறார்கள். நம் வண்டிகளுக்கு யோசனை தேடும்போது அமெரிக்கப் பெரிய வேன் வீடியோக்களை விட்டுவிட்டு அவர்களுடையதைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

எவ்ரியின் சரக்கு வேன் மாடலில் பின் சீட் தரையோடு மடங்கிவிடும். டிஏ17 வகை என்றால் பக்கச் சுவரின் உள்பக்கம் பாருங்கள், சின்னச் சின்ன 6 மி.மீ. மரை ஓட்டைகள் இருக்கும். கம்பி, தட்டு, கொசுவலை மாட்டவென்றே கொடுத்தவை. இங்கே நாங்கள் பிராக்கெட் தேடி அலையும் வேலை உங்களுக்கு இல்லை. நிரந்தர மாற்றம் எதுவானாலும் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

தமிழ்நாட்டு வெயிலுக்கு இன்சுலேஷன் போட்டால் ஏ.சி. இல்லாமல் தூங்கலாமா? (வேலூர்)

இன்சுலேஷன் பகலில் உதவும், இரவில் அவ்வளவாக உதவாது. குளிர் நாடுகளில் சுவர் முழுக்க ஃபோம் அடைப்பது உள்ளே இருக்கும் சூட்டைக் காப்பாற்ற. நமக்கோ அந்தச் சூடு வெளியே போக வேண்டும். எனவே கூரைக்கு மட்டும் அலுமினியத் தாள் ஒட்டிய 10 மி.மீ. ஃபோம் போடுங்கள். மீதிக் காசைக் கண்ணாடி மறைப்புக்கும் காற்றுக்கும் செலவிடுங்கள்.

வெயில் அதிகம் நுழைவது கண்ணாடி வழியாகத்தான். அதற்காகக் கறுப்பு ஃபிலிம் ஒட்ட முடியாது, 2012-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது. வெள்ளித் தாள் ஃபோமை ஒவ்வொரு கண்ணாடியின் அளவுக்கும் வெட்டி, நிறுத்திய பிறகு பொருத்தி, கிளம்பும்போது கழற்றிவிடுங்கள். இரவில் எதிரெதிர் ஜன்னல் இரண்டைத் திறந்து, காந்தப் பட்டை தைத்த கொசுவலையை வெளிப்பக்கம் மாட்டி, ஒரு 12 வோல்ட் ஃபேனைக் காற்றை வெளியே தள்ளும்படி வையுங்கள்.

அப்புறம், மலையேறுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும். மே மாதத்தில் வேலூரில் எந்த ஃபோமும் செய்யாததை ஏற்காடு செய்துவிடும்.

இரவில் இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுத் தூங்கலாமா? (மதுரை)

கூடாது. ஒரு மணி நேரம்கூடக் கூடாது.

புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலி வரும், தூங்குபவருக்கு அதுவும் தெரியாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்திய கேரவனில் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகை உள்ளே வந்ததுதான் காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. அது ஏ.சி. போட்டுத் தூங்குவதற்கென்றே கட்டிய பெரிய வண்டி. நம் ஈகோவிலும் ஆம்னியிலும் இன்ஜினே முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைத் தலைமாட்டில் வையுங்கள். அது இருக்கிறது என்பதற்காக இன்ஜினை ஓடவிடாதீர்கள்.

வீட்டில் பழைய இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கிறது. அதையே வண்டியில் வைக்கலாமா? சோலார் போட வேண்டுமா? (திருச்சி)

பழைய டியூபுலர் பேட்டரி வேண்டாம். 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று 50 கிலோவுக்கு மேல் கனக்கும், சாய்ந்தால் ஆசிட் கொட்டும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். தூங்கும் அறைக்குள் அது கூடாது.

தேவையைக் கணக்குப் போடுங்கள். 25 வாட் ஃபேன் பத்து மணி நேரம் 250 வாட்-மணி. விளக்கு, இரண்டு போன் எல்லாம் சேர்த்து ஒரு இரவுக்கு 320 வரும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 1,280 வாட்-மணி இருக்கிறது. மூன்று இரவு தாங்கும். 40 லிட்டர் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் வைத்தால் நம் சூட்டில் அதற்கே நாளுக்கு 400, 500 போய்விடும். அப்போது ஒரு நாள் தாண்டுவதே கஷ்டம்.

சோலாரைவிட முதலில் 20 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் வாங்குங்கள். நாலு மணி நேரம் ஓட்டினால், இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டரே அதன் வழியாகப் பேட்டரியை ஏறக்குறைய நிரப்பிவிடும். கூரைப் பேனலுக்கு வெயில் வேண்டும், தூங்கும் வண்டிக்கு நிழல் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்காது.

வயரில் கஞ்சத்தனம் வேண்டாம். 120 வாட் என்பது வீட்டு லைனில் அரை ஆம்பியர், 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். ஐந்து மீட்டர் தூரத்துக்கு 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயர் இழுத்தால் போய் வருவதில் முக்கால் வோல்ட் காணாமல் போகும். 6 ஸ்கொயர் போடுங்கள். ஃப்யூஸ் பேட்டரியின் பிளஸ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃப்யூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் வயரை யாரும் காப்பாற்றுவதில்லை.

சின்ன கேஸ் சிலிண்டர் வைத்து உள்ளேயே சமைக்கலாமா? (சேலம்)

உள்ளே வேண்டாம். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் வெளியேறாமல் தரையில் தேங்கும். பின் கதவைத் தூக்கினால் அதுவே கூரை. அதற்கு வெளியே மடக்கு மேஜை போட்டுச் சமையுங்கள். பியூட்டேன் கேன் அடுப்பு கையாளச் சுலபம், ஆனால் கேனின் மேல் 50 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று போட்டிருக்கும். மே மாதத்தில் வெயிலில் மூடி நிற்கும் வண்டி அதைத் தாண்டிவிடும். இறங்கும்போது கையோடு எடுத்துப் போங்கள்.

நானும் அம்மாவும் மட்டும்தான் போவோம். அம்மாவுக்கு மூட்டு வலி. கழிப்பறைக்கும் இரவு நிறுத்துவதற்கும் என்ன செய்வது? (திருநெல்வேலி)

பலரும் கேட்கத் தயங்கும் கேள்வி, கேட்டதற்கு நன்றி. மடக்கு கமோடு ஸ்டூல் மருந்துக் கடைகளிலும் சர்ஜிக்கல் கடைகளிலும் கிடைக்கும். தடித்த பையும் கொஞ்சம் மரத்தூளும் சேர்த்தால் இரவு அவசரத்துக்குப் போதும். பின் கதவுக்குக் கீழே தொங்கவிடும்படி முழு உயரத் திரைச்சீலை ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். பகலில் பெட்ரோல் பங்க்தான். கழிப்பறை, குடிதண்ணீர், காற்று மூன்றையும் இலவசமாகக் கொடுக்க வேண்டியது பங்கின் பொறுப்பு, தயங்காமல் கேளுங்கள்.

அம்மாவுக்காகக் கட்டிலின் உயரத்தை மாற்றுங்கள். பக்கக் கதவைத் திறந்தால், பக்கவாட்டில் உட்கார்ந்து கால் கீழே படியும்படி இருக்க வேண்டும். ஏற ஒரு அகலமான பிளாஸ்டிக் ஸ்டூல், பிடிக்க ஒரு கைப்பிடி. அடியில் இடம் குறைந்தால் குறையட்டும், சாமானைக் கேரியரில் வைத்துக்கொள்ளலாம்.

இரவுக்கு, 24 மணி நேரமும் ஆள் இருக்கும் பங்கில் அனுமதி கேட்டு வெளிச்சத்தில் நிறுத்துங்கள். அல்லது சிறிய லாட்ஜில் ஒரு தொகை கொடுத்து வளாகத்துக்குள் நிறுத்தினால் குளியலறையும் கிடைக்கும். காட்டுப் பாதையில் நிறுத்தாதீர்கள். பந்திப்பூர் வழியாக இரவு 9-லிருந்து காலை 6 வரை வண்டி போகவே முடியாது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்துவிட்டே கிளம்புங்கள்.

ஆம்னியின் கூரையை வெட்டி உயர்த்தினால் உள்ளே நிற்கலாம் என்று ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். செய்யட்டுமா? (நாமக்கல்)

வேண்டாம். அந்தக் கூரைதான் பக்கத் தூண்களைப் பிடித்து நிறுத்துகிறது. வெட்டினால் வண்டி கவிழ்ந்து உருளும்போது தாங்க எதுவும் இருக்காது, ஆர்.சி.யும் செல்லாது. 1.41 மீட்டரே அகலமுள்ள வண்டி உயரம் கூடினால் பக்கக் காற்றிலும் வளைவிலும் ஆடும். உள்ளே நிமிர்ந்து நிற்பதுதான் முக்கியம் என்றால், உயரமான கூரையோடு வரும் பழைய ஃபோர்ஸ் டிராவலரோ டாடா விங்கரோ பாருங்கள்.